எட்டாவது வண்டி

“இந்தத் தடவை முதல் வண்டி உங்களோடதுதான் மாமா. மறுபேச்சுக்கே இடமில்ல!”

சர்வேயரம்மா சொல்லி முடிப்பதற்குள் பழைய கார்க் குழு மொத்தமும் கைதட்டியது. வால் மாமா மட்டும் தன் காரின் பானெட்டைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

வால் மாமா என்றதும் சேட்டைக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். எழுபது வயது, பரம சாது. மாதம் ஒரு ஞாயிறு எட்டுப் பழைய கார்களும் வரிசை கட்டி ஊர் சுற்றக் கிளம்பும். அதில் எட்டாவதாக, வாலாக வருவது அவர் வண்டி. புறப்படுவது அவர் வீட்டு முற்றத்திலிருந்துதான், திரும்பி வந்து சேர்வதும் அங்கேதான். எட்டு வண்டி நிற்கிற முற்றம் வேறு யாரிடம் இருக்கிறது?

“எனக்கு எதுக்கும்மா அதெல்லாம்? கடைசியே போதும்” என்றார் மாமா.

“போதாது. மலைப்பாதை, பதினெட்டு வளைவு, உச்சியில ஏரி. ஒவ்வொரு வளைவையும் நானே போய் அளந்துட்டு வந்திருக்கேன். வாங்க, மேப்பைப் பாருங்க.”

“எனக்கெதுக்கு மேப்பு? முன்னாடி போற வண்டிதான் என் மேப்பு.”

“அதான் போன மாசமே பார்த்தோமே!” என்றார் பல் டாக்டர். எல்லோரும் சிரித்தார்கள்.

சர்வேயரம்மாவுக்கு முகம் சிவந்தது. ஊர் நிலத்தையெல்லாம் அளக்கிறவள், போன மாதம் திருப்பத்தைக் கோட்டைவிட்டு ஒரு கல்குவாரிக்குள் போய்விட்டாள். இன்னும் இருபதடி போயிருந்தால் பள்ளம். இறங்கித் திரும்பிப் பார்த்தால், பின்னாலேயே மாமாவின் வண்டி.

“ஹாரன் அடிச்சு நிறுத்தியிருக்கலாமே மாமா?”

“நீ போற இடத்துக்கு நான் வராம இருப்பேனா?” என்றார் அவர். அன்றைக்கு அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. கூடப் பிறந்தவன்கூட அப்படி வரமாட்டான்.

மூன்று வருடமாக அவள் வண்டி ஏழாவது. பின் சீட்டில் அவளுடைய ஐந்து வயது இரட்டையர்கள். இன்ஜின் சூடேறி அவள் வண்டி நின்றுவிட்ட நாட்களில் முன்னால் போனவர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். மாமாதான் பின்னாலேயே நின்று காத்திருப்பார். அவள் வண்டியின் பின்விளக்கு மங்கல் என்று பெரிய பல்பாக வாங்கி வந்து மாட்டச் சொன்னவரும் அவர்தான். “பகல்லயும் விளக்கைப் போட்டுட்டே போம்மா” என்று புறப்படும்போதெல்லாம் நச்சரிப்பார்.

பிள்ளைகளுக்கு மட்டும் அவர்மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு. வழிநெடுகப் பின் கண்ணாடி வழியாகக் கையை ஆட்டோ ஆட்டென்று ஆட்டுவார்கள். மாமா ஒருநாளும் திருப்பி ஆட்டியதில்லை. கேட்டால், “ரெண்டு கையும் ஸ்டீயரிங்ல இருக்கணும் கண்ணுங்களா” என்பார்.

இப்படிப்பட்ட மனுஷர் காலமெல்லாம் மற்றவர்கள் கிளப்புகிற புழுதியைத் தின்றுகொண்டே வருவதா? அவளுக்கு மனசு ஆறவில்லை. இந்த வருடம் குழுவுக்கு அவள்தான் தலைவி. ஒவ்வொருவராகப் பார்த்துப் பேசிச் சம்மதிக்க வைத்திருந்தாள்.

“முதல்ல போகணும்னா நான் வரலம்மா” என்றார் மாமா. “ஏழு வண்டியா போயிட்டு வாங்க.”



“என்ன மாமா, ரொம்பத்தான் பிகு பண்றீங்க!” என்று பல் டாக்டர் சமாளித்துப் பார்த்தார். எடுபடவில்லை. ஒவ்வொருவராக டீ குடிக்க உள்ளே நழுவினார்கள்.

சர்வேயரம்மா மட்டும் மாமாவின் பக்கத்தில் போய் நின்றாள். ஆசையாகச் செய்யப்போன காரியம், ஆளையே குழுவிலிருந்து விரட்டிவிடும் போலிருக்கிறதே!

“நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா மாமா?”

“சேச்சே. நீ என் பொண்ணு மாதிரி.” அவர் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். “முன்னாடி ஒரு வண்டியும் இல்லாம நான் எப்படிம்மா ஓட்டுவேன்?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “எல்லாரையும் போல ரோட்டைப் பார்த்துத்தான்!”

மாமா சிரிக்கவில்லை. உள்ளே யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்தினார்.

“ரோடு தெரிஞ்சு ரெண்டு வருஷமாச்சும்மா. கண் டாக்டர் அப்பவே, இனி சாவியைத் தொடாதீங்கன்னுட்டார். மனசு கேக்கல. வண்டியை விட்டா எனக்கு வேற என்ன இருக்கு? உன் சிவப்பு விளக்கு ரெண்டு மட்டும் புகைக்குள்ள இருந்து தெரியும். அதைப் பிடிச்சுக்கிட்டே வந்துடுவேன்.”

அவள் கையிலிருந்த மேப் நழுவித் தரையில் விழுந்தது. கல்குவாரி கண்முன்னே வந்தது. இருபதடியில் பள்ளம். எதிரே நின்ற தன் காரைப் பார்த்தாள். எப்போதும் போல மாமாவின் வண்டிக்கு முன்னால், பத்தடி தூரத்தில் நின்றது. பின் சீட்டில் முட்டிபோட்டு, கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு, இரண்டு பிள்ளைகளும் மாமாவைப் பார்த்து நான்கு கைகளையும் ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

“மாமா...” என்றாள். “பிள்ளைங்க உங்களுக்கு டாட்டா காட்டறாங்க.”

மாமா அந்தக் கண்ணாடியை நேருக்கு நேர் பார்த்தபடியே கேட்டார்.

“எங்கேம்மா?”