முப்பத்தைந்து வெள்ளிக்கு ஆறு ஏக்கர்

"இருங்க கிராணி ஐயா, பூசணி பறிக்கணும். பறிச்சிட்டு எந்திரிக்கிறேன்."

ருக்குமணி சொன்னதைக் கேட்டு, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி பழனியப்பன் வாசலிலேயே நின்றுவிட்டார். பின்பக்கம் எட்டிப் பார்த்தார். அங்கே பூசணியும் இல்லை, ஒரு புல்லும் இல்லை. வெறும் சிமெண்டுத் தரைதான் இருந்தது.

காலி வீட்டின் நடுவில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கையில் இருந்த கேம் மெஷினைத் தட்டிக்கொண்டிருந்தாள் ருக்குமணி. முப்பத்தெட்டு வருஷம் இந்த மலையில் தேயிலைக் கொழுந்து பறித்த விரல்கள். நேற்றோடு அறுபது வயது முடிந்தது, வேலையும் முடிந்தது. வேலை முடிந்தால் கம்பெனி கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்துவிட வேண்டும் என்பது தோட்டத்துச் சட்டம். பன்னிரண்டு மணிக்குள் சாவியைக் கொடுக்க வேண்டும். சாமான் ஏற்றிய லோரி வெளியே நின்றது.

"லோரிக்காரன் சத்தம் போடுறான்லா. அதை மூடு."

"இப்ப மூடுனா இன்னிக்குப் பார்த்த வேலை பூரா போயிரும் ஐயா. இதுல பொழுது சாஞ்சு, வீட்டுக்குள்ள போயி படுத்தாத்தான் பதிவாகும். நீங்க உங்க வேலையைப் பாருங்க."

கிராணி முன்னால் உட்கார்ந்தபடி பேசுவது அவளுக்கு இதுதான் முதல் தடவை. கொழுந்து நிறுக்கும்போது ஈரம் என்று சொல்லி கூடைக்கு இரண்டு கிலோ கழிப்பாரே, அதே கிராணிதான். அப்போதெல்லாம் வாயே திறக்காதவள், இனிமேல் யாருக்குப் பயப்பட வேண்டும்?

பழனியப்பன் கோப்பைத் திறந்தார். உள்ளே இரண்டு தாள்கள் இருந்தன. மேலே இருந்ததில் குறி போட ஆரம்பித்தார்.

"பல்பு நாலு. குழாய் ரெண்டு. சன்னல் கண்ணாடி..." பாதியில் நிறுத்தினார். "பகல் பூரா தோட்டத்துல பாடுபட்டு வந்து, சாயங்காலம் இதுலயும் தோட்டமா? அலுக்கல?"

"அது கம்பெனித் தோட்டம். இது என் தோட்டம்."

"எவ்வளவு கொடுத்த?"

"முப்பத்தஞ்சு வெள்ளி. தானா ராத்தா டவுன்ல சாகுல் ஹமீது போன் கடையில. தீவாளி ஆஃபர்ல வாங்குனது."

"ஒரு கேமுக்கு முப்பத்தஞ்சு வெள்ளியா?"

ருக்குமணிக்குச் சுரீரென்றது.

"என் மகன் மகேன் இருநூத்தம்பது வெள்ளி கொடுத்து ஒரு கேம் வாங்குனான். ரெண்டே நாள். ஆடி முடிச்சு மூலையில போட்டுட்டான். இதை நாலு வருஷமா ஆடுறேன், இன்னும் முடியல. இதைச் செஞ்சவன் வருஷா வருஷம் புதுசா ஏதாச்சும் சேர்த்துக் கொடுக்கிறான். கண்ணாடி வீடு கொடுத்தான். ஒரு தீவையே கொடுத்தான். அதுக்குன்னு ஒரு சென் காசு கேக்கல."

"எத்தனை ஏக்கர் வரும்?"

"ஆறு இருக்கும். கெணறு, கொளம், நாலு மாடு."

கிராணி பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். "எழுத்து ரொம்பப் பொடியா இருக்கே. வயசானவங்களுக்கு எப்படிக் கண்ணு தெரியும்?"

கிண்டல் பண்ணுகிறார் என்றுதான் அவளுக்குப் பட்டது. "பெருசு பண்ணிக்கலாம்," என்றாள் வெடுக்கென்று.

"சரி, கொஞ்ச வருஷம் ஆனதும் இதுலயும் எந்திரிச்சுப் போன்னு சொல்லிருவாங்களா?"

அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. மெஷினை மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"யாரு சொல்லுவா? இங்க பின்னால நான் போட்ட சௌசௌ பந்தலைப் பிரிக்கச் சொல்லி பேப்பர் கொண்டாந்தது யாரு? நீங்கதானே. பந்தல் இருந்த எடத்துல சிமெண்டு ஊத்த ஆள் அனுப்புனதும் நீங்கதான். என் புருஷன் இந்த மலையிலதான் செத்தாரு. எங்க பேர்ல ஒரு சாண் மண்ணு உண்டா? இப்ப ஈப்போவுல மக நளினி வீட்டுக்குப் போறேன். நாலாவது மாடி. கறிவேப்பிலை வைக்கக்கூட எடம் கெடையாது. ஆனா இந்த ஆறு ஏக்கர் என் கைப்பையில வரும். எந்தத் துரையும் காலி பண்ணுன்னு சொல்ல முடியாது. எந்தக் கிராணியும் பேப்பர் கொண்டார முடியாது. முப்பத்தஞ்சு வெள்ளிக்கு இதை வேற யாரு கொடுப்பா, சொல்லுங்க பார்ப்போம்."

பழனியப்பன் அடுப்படிப் பக்கம் போய், ஏற்கெனவே எண்ணிய பல்புகளை மறுபடியும் எண்ணினார்.

ருக்குமணி அவசரப்படவில்லை. கடைசிப் பூசணி வரை பறித்தாள். மாடுகளுக்குத் தீனி வைத்தாள். வீட்டுக்குள் போய்ப் படுத்தாள். பதிவானதும் மெஷினை அணைத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். உட்கார்ந்திருந்த வாளியையும் விடவில்லை.

"கொடுங்க. எங்க கையெழுத்துப் போடணும்?"

அவர் கோப்பை நீட்டினார். சாவியை அவர் கையில் வைத்துவிட்டு, பேனாவை அழுத்திக் கையெழுத்துப் போட்டாள். போட்ட தாளை அவர் உருவி எடுத்ததும் அடியில் இருந்த இரண்டாவது தாள் தெரிந்தது. அதுவும் வீட்டை ஒப்படைக்கும் தாள்தான். இந்த மாதம் முப்பதாம் தேதி, கிராணி வீடு. பெயர், பழனியப்பன்.

ருக்குமணி தலை நிமிர்ந்தபோது, அவர் சாவியையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"சாகுல் கடையில அது இன்னும் முப்பத்தஞ்சு வெள்ளிதானா?"