எட்டே முக்கால் நடை

ஸ்கூட்டர் மேட்டிலிருந்து இறங்கி வருவதைச் சௌந்திரம் பார்த்துவிட்டாள். பார்த்துக்கொண்டேதான் பலகையைத் தூக்கினாள்.

பிறகு விசிலை எடுத்து நீளமாக ஊதினாள்.

இரண்டு படகுகளைச் சேர்த்துக் கட்டி, மேலே தளம் போட்ட விசைப்படகு அது. ஒரு கார், பத்துப் பன்னிரண்டு பைக்குகள், நாற்பது பேர் ஏறலாம். முன்பக்கம் சௌந்திரத்தின் பொறுப்பு. வண்டிகளை ஒழுங்காக நிறுத்துவதும், கரைக்கும் படகுக்கும் நடுவே பலகையைப் போட்டு எடுப்பதும் அவள் வேலை. பின்னால் இன்ஜினில் அவள் புருஷன் மாதேஸ்வரன் இருப்பார். நடுவில் பெரிய வண்டி நின்றால் அவருக்குக் கரை தெரியாது. விசில் கேட்டால் எடுப்பார்.

இன்று நடுவில் முட்டை வேன் நின்றது.

படகு கரையை விட்டு விலகியது. ஜோதி தண்ணீரோரம் ஸ்கூட்டரை நிறுத்தி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் இரண்டு கைகளையும் ஆட்டினாள். என்னவோ கத்தினாள். இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை.

சௌந்திரத்துக்கு நெஞ்சு குளிர்ந்தது.

ஜோதி அக்கரை ஆஸ்பத்திரியில் நர்ஸ். எட்டே முக்கால் நடைக்கு ஒருநாளும் தவறமாட்டாள். கொஞ்சம் தாமதமானால் மாதேஸ்வரன் காத்திருப்பார். கல்யாணக் கூட்டமே கத்தினாலும் ஒரு நிமிஷம் நிற்காத மனுஷன், இவளுக்காக இன்ஜினைத் துடைப்பதுபோல ஐந்து நிமிஷத்தை ஓட்டுவார்.

ஏறியதும் அவள் பெண்கள் பக்கம் உட்காரமாட்டாள். நேராகப் பின்னால் போவாள். அக்கரை சேரும்வரை பேச்சுதான். அவர் தலையைச் சாய்த்துக் கேட்பார். நடுநடுவே சிரிப்பார்.

அந்தச் சிரிப்புதான் சௌந்திரத்தை அறுத்தது. வீட்டில் அவர் சிரித்து ஒன்றரை வருஷம் ஆகிறது.

போன வாரம் ஒரு பை நிறையக் கொய்யாக்காய் கொடுத்தார். அவர்கள் வீட்டு மரத்துக் காய். செங்காயாகப் பார்த்துப் பொறுக்கிப் பறித்தது. சௌந்திரம் முட்டை வேனுக்கோ காருக்கோ கை காட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்துத்தான் கொடுத்தார். அவள் பார்த்துவிட்டாள்.

கேட்டுவிடலாம் என்று பலமுறை வாய்வரை வந்ததுண்டு. கேட்டு, அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

நடு ஆற்றில் பின்னாலிருந்து குரல் வந்தது.

“ஜோதியம்மிணி ஏறிருச்சா?”

“இன்னைக்கு வரலீங்க.”

அம்மிணி. கல்யாணமான புதிதில் சௌந்திரத்தை அப்படிக் கூப்பிட்டவர்.

அவருடைய போன் அடித்தது. எடுத்துக் கேட்டார்.

படகு திரும்பத் தொடங்கியது.

இருபது வருஷத்தில் அவர் நடு ஆற்றில் படகைத் திருப்பியதில்லை. முட்டை வேன்காரர் சத்தம் போட்டார். காலேஜ் பிள்ளைகள் மணி பார்த்தார்கள். மாதேஸ்வரன் புறப்பட்ட கரைக்கே ஓட்டினார்.

ஒருத்திக்காக. நாற்பது பேர் பார்க்க.

பலகையை இறக்குவதில்லை, வேண்டுமானால் நீந்தி வரட்டும் என்று சௌந்திரம் நினைத்தாள். கரை வந்ததும் கை பழக்கத்தில் இறக்கிவிட்டது.

ஜோதி ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு ஏறினாள். இன்று பின்னால் போகவில்லை. சௌந்திரத்தின் முன்னால் வந்து நின்றாள். மூச்சு வாங்கியது.

“பாத்துட்டேதான் விசிலடிச்சீங்க.”

“ஆமா. எம்பட ஊட்டுக்காரரோட உனக்குத் தெனமும் என்ன பேச்சு?”

“உங்க பிரவீனாவப் பத்தித்தானுங்க அக்கா. வேறென்ன பேச்சு எங்களுக்கு?”

சௌந்திரம் பலகையின் கயிற்றைப் பிடித்தபடி நின்றாள்.

“வெடியக்காலமே வலி எடுத்து ஆஸ்பத்திரிக்கு வந்துருச்சு. மாப்பிள்ள ரிக்கோட ஒடிசாவுல கெடக்கறாரு. கூட ஒருத்தருமில்ல. நான் வந்தாத்தான் ஆச்சுன்னு போன்ல அழுவுது.”

பிரவீனா அவர்களுக்கு ஒரே பெண். பார்த்துவைத்த சொந்தத்தை வேண்டாமென்று, போர்வெல் ரிக்கில் வேலை செய்கிறவனைக் கட்டிக்கொண்டு அக்கரைக்குப் போனவள். இனி அவள் பேரை இந்த வீட்டில் சொல்லக்கூடாது என்று மாதேஸ்வரனிடம் சத்தியம் வாங்கியது சௌந்திரம்தான். அவர் இன்றுவரை வீட்டில் சொல்லவில்லை.

மகள் வயிற்றில் பிள்ளை வளர்ந்ததே சௌந்திரத்துக்குத் தெரியாது. ஜோதிக்குத் தெரியும். மாசாமாசம் எடை பார்த்தவள் அவள். வயிற்றில் கைவைத்துத் துடிப்புக் கேட்டவள். என்ன சாப்பிடத் தோன்றுகிறது என்று விசாரித்தவள்.

புருஷனை வைத்து இத்தனை நாள் பட்ட பொறாமை இதன் முன்னால் ஒன்றுமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

விசிலை வாயில் வைத்தாள். ஊதக் காற்று வரவில்லை. பலகையை வேன்காரர் தூக்கினார். விசிலுக்குக் காத்திருக்காமல் மாதேஸ்வரன் படகை எடுத்தார்.

சௌந்திரம் ஜோதியின் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தாள். சின்னக் கைகள். நகத்தை ஒட்ட வெட்டியிருந்தாள். பாதி ஆறு தாண்டியதும் கேட்டாள்.

“வலியில யாரக் கூப்படறா?”

ஜோதி அவள் பக்கம் திரும்பினாள்.

“நீங்களே வந்து கேட்டுக்கங்க அக்கா.”

அக்கரையில் பலகை இறங்கியபோது சௌந்திரம் ஸ்கூட்டரின் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். மேடு ஏறுகையில் வண்டி குலுங்கியது. விழாமலிருக்க ஜோதியின் தோளைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

பிடித்துக்கொண்டாள்.