தெருவுக்கு ஒருத்தி

குழாயை மூடி முத்திரை வைக்க வந்த தண்ணீர் அலுவலக ஊழியர், கர்ப்பிணியான கோகிலவாணியைக் கண்டதும் கைகூப்பினார்.

"உங்களாலதானுங்க இந்தத் தெருவே தப்பிச்சுது. தண்ணியில ஈயம் கலந்திருக்குதுங்க."

"நான் என்னங்க பண்ணுனேன்?"

"தண்ணியச் சோதிக்க முன்னால மீன் விட்டுப் பார்த்தோமுங்க, எல்லாம் செத்துப்போச்சு. இப்ப தெருவுக்கு ஒரு கர்ப்பிணிதானுங்க. வயித்துப் பிள்ளைக்கு விஷம் ஏறுனா, உங்க கையில இருக்கற பட்டை எங்களுக்குச் சொல்லிருமுங்க."

குழந்தையின் நலனுக்கென்று சொல்லி ஆஸ்பத்திரியில் மாட்டிவிட்ட பட்டை அது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, அப்ப என் குழந்தைக்கு என்னாச்சுங்க?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எங்களுக்குத் தண்ணியப் பத்தி மட்டுந்தானுங்க தகவல் வரும்."