சிப் இல்லாத திறப்பு

"கதவு திறந்தாக் காணும் அண்ணை. கார் ஸ்டார்ட் ஆகக் கூடாது."

கூப்பிட்டிருந்த பெண் அப்படிச் சொன்னதும் கிருஷ்ணராசா கையிலிருந்த மெஷினைக் கீழே வைத்தார். கார்ச் சாவியைத் தொலைத்தவர்கள் கூப்பிடும் இடத்துக்குத் தன் வான் வண்டியில் போய், புதுத் திறப்பு செய்து கொடுப்பது அவர் தொழில். ஸ்டார்ட் ஆகாத திறப்பு வேண்டுமென்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

லண்டன் கோலியர்ஸ் வுட்டில், பெரிய கடையொன்றின் கார் பார்க்கில் கடைசி மூலையில் நின்றது அந்தப் பழைய கார். பின் சீற்றில் ஈரத் துவாய் ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. பிள்ளைக்கு நீச்சல் வகுப்பு போல என்று நினைத்துக்கொண்டார்.

"தங்கச்சி, வெட்டினா மட்டும் காணாது. திறப்புக்குள்ள இருக்கிற சிப்பைக் காரோட புரோகிராம் பண்ண வேணும். இல்லாட்டி இம்மொபிலைசர் எண்ட பூட்டு இஞ்சினை ஓட விடாது."

"ஓம், தெரியும். சிப் வேண்டாம்."

அவருக்குச் சந்தேகம் தட்டியது. கதவை மட்டும் திறப்பது காருக்குள் கிடப்பதைக் களவெடுப்பவர்களுக்குத்தான் உதவும். பேப்பர்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். பியற்றிஸ் என்ற அவளுடைய பெயரில்தான் கார் இருந்தது.

"ஆருக்கு இந்தத் திறப்பு?"

"மகளுக்கு. பள்ளிக்கூடம் விட்டு வந்தா உள்ளுக்கு இருக்க வேணுமெல்லோ. நான் வயசுபோனாக்களின்ர கெயார் ஹோமில ஷிப்ட் முடிச்சு வர இருட்டிப்போடும். அவள் சும்மா இருக்கமாட்டாள், முறுக்கிப் பார்ப்பாள். அதுதான் பயம்."

கிருஷ்ணராசாவின் முகம் கறுத்தது. திறப்பை வெட்டிக் கொடுத்தார்.

பியற்றிஸ் கதவைத் திறந்து உள்ளே ஏறி, திறப்பைப் போட்டு முறுக்கினாள். சிவப்பு விளக்கு மின்னியது. இஞ்சின் பிடிக்கவில்லை. அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"உள்ளுக்கிருந்து பூட்டினா, வெளியால ஒருத்தருக்கும் திறக்க ஏலாதுதானே?"

அவரால் பொறுக்க முடியவில்லை.

"தங்கச்சி, கோவிக்காதேங்கோ. எனக்கும் பொம்பிளைப் பிள்ளை இருக்கு. இந்தக் குளிருக்குள்ள, ஆள் நடமாட்டமில்லாத மூலையில, ஒரு பிள்ளையைத் தனிய காருக்குள்ள இருத்துவினமே? ஆராவது கண்டா கவுன்சிலுக்குப் போன் அடிச்சுச் சொல்லிப்போடுவினம். பிள்ளையைக் கொண்டுபோயிடுவாங்கள்!"

அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பள்ளிக்கூடத்தால வாற பிள்ளைக்கு வீட்டுத் திறப்பையெல்லோ குடுக்க வேணும்?"

பியற்றிஸ் புதுத் திறப்பை மெல்லக் கழற்றி, கைக்குள் பொத்திக்கொண்டாள்.

"இதுதான் அண்ணை வீட்டுத் திறப்பு."