பின்னால் நீட்டிய கை

அந்தக் காலத்து ருஷ்யப் படையில் மூன்று வரிசையாக நின்றுதான் போரிடுவார்கள். கடைசி வரிசைக்காரன் சுடமாட்டான், கண்ணுகளே. துப்பாக்கியில் மருந்தும் குண்டும் கெட்டித்து முன்னால் நிற்பவனிடம் கொடுப்பதுதான் அவன் வேலை. நடு வரிசையில் எஃபீம் நின்றான். அவன் முதுகுக்குப் பின்னால் சவ்வா. உயரம் பார்த்து ஆட்களை நிறுத்திய சார்ஜெண்டுக்கு இருவரும் ஒரே ஊர் என்பது தெரியாது. இருபத்தைந்து வருடப் பட்டாளத்துக்கு யாரை அனுப்புவது என்று ஊர் கூடியபோது, சவ்வாவின் பெயருக்கு முதலில் கை தூக்கியவன் எஃபீம். மறு வருடமே அவனையும் பிடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

பிரெஞ்சுக்காரர்களின் குதிரைகள் சரிவில் இறங்கி வந்தன. எஃபீம் சுட்டான். வெறும் துப்பாக்கியைப் பின்னால் கொடுத்துவிட்டு, திரும்பாமலே கையை நீட்டினான். கையில் ஒன்றும் வந்து விழவில்லை.

"குடுடா, சீக்கிரம்!"

"இந்தக் கைதானே அன்னிக்கு ஊர் முன்னாடி மேல போச்சு?"

"குதிரை என்னை மிதிச்சா அடுத்து உன்னைத்தான்டா மிதிக்கும்!"

"மிதிக்கட்டுமே. எனக்கு இன்னும் இருபத்துமூணு வருஷம் கிடக்கு. உனக்கு இருபத்துநாலு."

சொல்லிவிட்டு, தூங்குகிற குழந்தையைக் கைமாற்றுவதுபோல் மெதுவாக, சவ்வா ஒரு துப்பாக்கியை அந்தக் கையில் வைத்தான். எஃபீம் அதைத் தோளில் பொருத்தினான். குதிரைகளின் வாய்நுரை தெரிகிற தூரம். குழலுக்குள் கம்பி விட்டுப் பார்க்க நேரமில்லை.

"குண்டு போட்டியாடா?"

சவ்வாவின் மூச்சு அவன் பிடரியில் சூடாகப் பட்டது.

"சுட்டுத்தான் பாரேன்."