காத்து இருக்கா?

ஆஸ்பத்திரிக்குள் ஆக்சிஜனை எல்லோரும் காத்து என்றுதான் சொல்வார்கள்; வெளியே ஊரில் பேய்க்கும் அதே பெயர்தான். பாளையங்கோட்டையில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் டேங்கிலிருந்து வார்டுகளுக்குப் போகும் காத்தைக் கவனிப்பது பேச்சிராஜின் வேலை. ஒவ்வொரு குழாயிலும் ஓர் அல்ட்ராசானிக் மீட்டர் உண்டு. காதுக்குக் கேட்காத ஒலியை உள்ளே அனுப்பி, எவ்வளவு போகிறது என்று அது காட்டும். காத்து டேங்கை நோக்கித் திரும்பி வந்தால் எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி விழும். அப்படி விழுந்து அவர் பார்த்ததில்லை.

அன்று காலை மூன்றாம் வார்டு மீட்டர் நிமிஷத்துக்கு ஆறு லிட்டர் காட்டியது. ஒரு நோயாளிக்கு வைக்கிற அளவு. ஆனால் பெயிண்ட் வேலைக்காக அந்த வார்டைப் பூட்டி இருபது நாளாகிறது. யாரையோ கணக்கில் காட்டாமல் படுக்க வைத்திருக்கிறார்கள் என்று பேச்சிராஜ் நினைத்தார். அந்த மாடி நர்ஸ் வினோலியாவுக்குப் போன் போட்டார்.

"சிஸ்டர், மூணாம் வார்டுல காத்து இருக்கா?"



"ஒங்களுக்கு யாரு சொன்னா, அண்ணாச்சி?"

சந்தேகம் உறுதியாகிவிட்டது. மாடியேறி ஜன்னல் வழியாகப் பார்த்தார். உள்ளே ஒரு கட்டில்கூட இல்லை. எங்கோ கசிகிறது என்று நினைத்து, கீழே வந்து அந்தக் குழாயின் வால்வை இறுக்கி மூடினார். மீட்டர் பூஜ்ஜியத்துக்கு வந்தது.

போன் அடித்தது. வினோலியா குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"அண்ணாச்சி, இங்கன காத்து நின்னுட்டு. அங்கன வருதா?"

பேச்சிராஜ் மீட்டரைப் பார்த்தார். ஆறு லிட்டர். முன்னால் கழித்தல் குறி.