கட்டைவிரலுக்கு எண்ணெய்

வெள்ளைக்காரச் சர்க்காரால் இந்தப் பூமியில் பிடிக்க முடியாதவை இரண்டு. ஒன்று ஆடி மாதத்துக் காற்று. மற்றது எழுமலைச் சுருளியின் கட்டைவிரல்.

இதைச் சொன்னது சுருளியேதான். கள்ளுக்கடையில் வைத்துச் சொன்னான் என்றாலும், முதல் கலயம் வருவதற்கு முன்பே சொன்னான். ஆகவே இதைப் போதைக் கணக்கில் தள்ள முடியாது.

ஊர் ஆண்கள் அத்தனை பேரையும் பிறவித் திருடர்கள் என்று பட்டியல் போட்டு, வரிசையில் நிறுத்திக் கைரேகை எடுத்த வருஷம் அவன் கொழும்பில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். திரும்பி வந்து ஆறு மாதம் ஆகிறது. ஊரில் மை படாத கட்டைவிரல் அவனுடையதும் தொட்டில் பிள்ளைகளுடையதும்தான்.

அக்கா புருஷன் மலையாண்டி, பட்டியலில் பழைய ஆள். பட்டியலில் உள்ளவன் ராத்திரி போலீஸ் கண்ணெதிரே படுக்க வேண்டும் என்பது சர்க்கார் உத்தரவு. பன்னிரண்டு வருஷமாகப் பொழுது சாய்ந்தால் போர்வையைச் சுருட்டிக்கொண்டு போய் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் படுப்பவன்.

அவனிடம் ஒரு வழக்கம் உண்டு. கருப்பசாமி கோயிலில் பூசாரி திருநீறு கொண்டுவந்தால் எல்லோரும் உள்ளங்கையை விரிப்பார்கள். மலையாண்டி மட்டும் கையை மடக்கிக்கொண்டு கட்டைவிரலை நீட்டுவான்.

"சாமிகிட்டயும் ரேகை வைக்கிறியா மச்சான்? கருப்பு ஒன்னைய எந்த ஸ்டேஷன்ல போயிப் படுக்கச் சொல்லுச்சு?"

கள்ளுக்கடை சிரித்தது. சுருளி எழுந்து, கூன் போட்டு, கையை மடக்கி, கட்டைவிரலை நீட்டிக்கொண்டு நடந்து காட்டினான். இன்னொரு தரம் என்றார்கள். இன்னொரு தரமும் நடந்தான். பயந்தவன் கை மூடியேதான் இருக்கும் என்று விளக்கமும் கொடுத்தான்.

மலையாண்டியும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, இடது கையால் கலயத்தை எடுத்து மிச்சத்தைக் குடித்தான்.

அந்த வாரமே பேரையூர்ப் பண்ணையாரின் உழவு மாடு ஒரு ஜோடி காணாமல் போயிற்று. திங்கட்கிழமை காலையில் சுருளியைக் கூட்டிப் போனார்கள்.

கைது செய்தவனை ஒரு நாளுக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும் என்பது சட்டம். ஏட்டையா சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். அதனால் அவர் சுருளியைக் கைது செய்யவில்லை. சும்மா பூட்டி வைத்தார்.

காகிதம் தயாராக இருந்தது. மாட்டைத் திருடியது தான்தான் என்று சுருளி அதில் ஒப்புக்கொண்டிருந்தான். ரேகை ஒன்றுதான் பாக்கி. பிடித்து அழுத்தினால் இழுபட்டுக் கலைந்துவிடும் என்பதால் அவனாகத்தான் வைக்க வேண்டும். வைத்தால் இரண்டு வருஷம் ஜெயில். திரும்பி வந்தால் ஆயுசுக்கும் ஸ்டேஷன் வாசலில், மலையாண்டிக்குப் பக்கத்தில் படுக்கை.

அவன் வைக்கவில்லை.

முதல் நாள் உள்ளங்கால். தோல் உரிந்து தொங்குகிறவரை அடித்தார்கள்.

இரண்டாம் நாள் உத்தரத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டு அடித்தார்கள். மூக்கிலிருந்தும் காதிலிருந்தும் தெறித்த ரத்தம் சுவரை அசிங்கப்படுத்திவிட்டது. இறக்கிவிட்டு அவனையே துடைக்கச் சொன்னார்கள்.

அக்கா அன்னக்கொடி கூழ்க் கலயத்தோடு வாசலுக்கு வந்தாள்.

"சுருளின்னு இங்க யாருமில்லம்மா."

"அப்ப உள்ள கத்துறது யாருங்கய்யா?"

"யாரும் கத்தலையே" என்றார் ஏட்டு, அந்தச் சத்தத்துக்கு மேல் தன் குரலை உயர்த்தி.

மூன்றாம் நாள் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். சுருளியின் சுண்டுவிரலை நாற்காலிக் காலுக்கு அடியில் வைத்து, மேலே உட்கார்ந்து, நிதானமாக ஒரு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார். எலும்பு நொறுங்குகிற சத்தம் கேட்டதும் எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்து, அடுத்த விரலை வைத்தார்.

நாலு விரல். நாலு வெற்றிலை.

கட்டைவிரலை மட்டும் யாரும் தொடவில்லை. அது சர்க்காருக்கு வேண்டியது. அதில் கீறல் விழுந்துவிடக் கூடாதே என்று, சாயங்காலமானால் வயசான கான்ஸ்டபிள் ஒருவர் வந்து ரத்தத்தைக் கழுவி, துணியால் ஒற்றி, தேங்காயெண்ணெய் தடவுவார்.

"ஆட்டாதடா. எம்புட்டுப் பேருக்குத் தடவுன கை இது" என்பார், பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கிறவரைப் போல.

ஏழாம் நாள் மாடுகள் தாமாகவே தொழுவத்துக்கு வந்து சேர்ந்தன. மலையடிவாரத்தில் மேய்ந்துகொண்டிருந்தனவாம். மாடுகளை யாரும் விசாரிக்கவில்லை.

"நீ இங்க வரவே இல்லடா. போ" என்றார் ஸ்டேஷன் ரைட்டர்.

அதுவும் உண்மைதான். எந்த நோட்டிலும் அவன் பெயர் இல்லை.

மலையாண்டிதான் வண்டி கட்டிக்கொண்டு வந்து அவனை அள்ளிப்போட்டு, நேரே கருப்பசாமி கோயிலுக்குக் கொண்டுபோனான். ஊர் கூடியிருந்தது. சுருளியின் கட்டைவிரலைப் பிடித்து எல்லோருக்கும் காட்டினான். ஒரு பொட்டு மை இல்லை. எண்ணெயில் மினுமினுவென்று இருந்தது.

"செயிச்சிட்டான்யா எங்க மாப்ள."



பூசாரி திருநீற்றுத் தட்டோடு வந்து நின்றார். சுருளி உள்ளங்கையை விரிக்கப் பார்த்தான். நாலு விரல்களும் கறுத்து வீங்கி, உட்பக்கமாக மடங்கிக் கிடந்தன. இன்னொரு தரம் முயன்றான். கண்ணில் தண்ணீர் வந்ததே தவிர, விரல் வரவில்லை.

பூசாரி அவசரப்படவில்லை. அவருக்கு இது பழக்கம்.

பக்கத்தில் மலையாண்டி எப்போதும் போலக் கையை நீட்டியிருந்தான். சுருளி இந்தத் தடவை அவனுடைய கட்டைவிரலைப் பார்க்கவில்லை. மற்ற நாலு விரல்களைப் பார்த்தான். நாலும் ஒரே இடத்தில் ஒடிந்து, கோணலாகக் கூடி, மடங்கியபடியே இறுகிப்போயிருந்தன. ஒவ்வொன்றிலும், ஒரு நாற்காலிக் காலின் அகலத்துக்கு, சதை தட்டையாக இருந்தது.

சுருளி தன் கட்டைவிரலை நீட்டினான்.